சிவப்புக் கோடு விழாத பிழைகள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், மெர்ச்சண்டைசிங் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் இருபது, முப்பது மெயில் எழுத வேண்டியிருக்கிறது. இலக்கணம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களில்தான் சறுக்குகிறேன். போன மாதம் அளவுப் பட்டியலில் இடுப்பு என்று வரவேண்டிய இடத்தில் கழிவு என்று போய்விட்டது. 'உங்கள் ஆர்டரை ஏற்கிறோம்' என்று எழுத நினைத்து 'தவிர' என்று பொருள்படும் சொல்லை எழுதிவிட்டேன். குழப்பும் சொற்கள் எண்பது ஜோடியை இரண்டு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். அதன்பிறகு, முன்பு சரியாக எழுதிய சொற்களிலும் சந்தேகம் வருகிறது. கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போட்டு எச்சரிப்பதில்லை. என்ன செய்யலாம்? தவறான சொல்லோடு மெயில் போய்விட்டால் எப்படித் திருத்துவது?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் உழைப்பில் குறை இல்லை. குறை அந்த முறையில்தான். உருவத்திலும் ஒலியிலும் ஒத்த இரண்டு சொற்களை அருகருகே வைத்து ஒரே நாளில் படித்தால், மனம் இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டு வைத்துக்கொள்ளும். எழுதும்போது ஒன்றைத் தேடினால் இரண்டும் சேர்ந்து வரும். முன்பு தெரிந்திருந்த சொல்லும் ஆட்டம் காண்பது இதனால்தான். ஜோடியைப் பிரிப்பதுதான் முதல் வேலை. எப்படிப் பிரிப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன், உங்களுடைய எண்பது ஜோடிக்கும் காரணம் ஒன்றல்ல என்பதைப் பார்த்துவிட வேண்டும். சில ஜோடிகள் ஆங்கிலேயர் வாயிலும் ஒரே ஒலிதான். அங்கே காது உதவாது, கைதான் பழக வேண்டும். வேறு சில அவர்கள் வாயில் தெளிவாக வேறு வேறு ஒலி. நம் காதுக்கு மட்டும் ஒன்றாகக் கேட்கின்றன. இந்த இரண்டாம் வகைக்கு எழுத்துக்கூட்டலை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் நிற்காது. காதைச் சரிசெய்தால் எழுத்து தானாக வரும். தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் விழும் என்பதால், வேறுபடும் ஆங்கில எழுத்தின் பெயரைச் சொல்லியே விளக்குகிறேன்.

நம் காதுக்கு மட்டும் ஒன்றாகும் சொற்களில் உங்கள் தொழிலுக்கு மிக ஆபத்தானது 'ரிப்'. கழுத்துப் பட்டிக்கும் கைப் பட்டிக்கும் வைக்கும் ரிப் துணி ஒன்று. கிழிசல் என்று பொருள்படும் ரிப் இன்னொன்று. துணிக்கு பஸ்ஸில் வரும் பி, கிழிசலுக்குப் பென்சிலில் வரும் பி. செக்கிங் ரிப்போர்ட்டில் 'காலரில் ரிப்' என்று எழுதும்போது அந்த ஒரு எழுத்து மாறினால், உடையின் ஒரு பாகம் உடையின் குறையாகிவிடும். பையர் அந்த ஸ்டைலை நிறுத்திவைத்துப் படம் கேட்பார்.

இந்த இரண்டு ஒலியும் நம் வாய்க்குப் புதியவை அல்ல. 'தம்பி'யில் வரும் பி வேறு, 'தப்பி'யில் வரும் பி வேறு, சொல்லிப் பாருங்கள். முதலாவதில் தொண்டை அதிரும், இரண்டாவதில் அதிராது. தமிழில் இந்த வேறுபாடு மட்டும் பொருளை மாற்றுவதில்லை. எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி தானாக அமைந்துவிடுவதால், நாம் அதைக் கவனிக்கப் பழகவே இல்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே சொல்லைப் பிரிக்கிறது. இன்னொரு தடயமும் உண்டு: அதிரும் மெய்யில் முடியும் சொல்லில் அதற்கு முன்னுள்ள உயிர் சற்று நீளும். துணியைச் சொல்லும்போது 'ரி' கொஞ்சம் இழுபடும்; கிழிசலைச் சொல்லும்போது சட்டென்று வெட்டுப்படும். பையருடன் வீடியோ அழைப்பில் பேசும்போது கடைசி மெய்யைவிட இந்த நீளத்தைப் பிடிப்பதுதான் எளிது.

விலை அட்டையான டேக்கும், பாக்கெட் ஓரத்தில் அடிக்கும் பார்டேக் என்ற தையலில் உள்ள டேக்கும் இதே கதை. அட்டை ஜி எழுத்தில் முடிகிறது, தொண்டை அதிரும். தையல் சி, கே இரண்டும் சேர்ந்து முடிகிறது, அதிராது.

அடுத்து இஸட் ஒலி. தமிழில் இது கிடையாது. ஸ என்றோ ஜ என்றோ சொல்லிவிடுகிறோம். அதனால் தளர்வு என்னும் லூஸும், இழப்பது என்னும் லூஸும் ஒன்றாகிவிட்டன. விரலைத் தொண்டையில் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டுங்கள். அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் திறந்துவிடுங்கள். வண்டு ரீங்காரம்போல் தொண்டை அதிரத் தொடங்கும். அதுதான் இஸட் ஒலி. இழப்பது என்ற சொல் இந்த வண்டு ஒலியில் முடியும், எழுத்தில் ஒரே ஓ. அதன் இறந்தகாலமான லாஸ்ட்டிலும் ஒரே ஓ என்பதை நினைவில் வைத்தால் தடுமாற்றம் வராது. தளர்வு என்ற சொல் வெறும் ஸ் ஒலி, எழுத்தில் இரண்டு ஓ. உங்கள் ரிப்போர்ட்டில் 'லூஸ் த்ரெட்' என்று வருவதெல்லாம் இரண்டு ஓ.

அட்வைஸும் அப்படியே. ஆலோசனை என்ற பெயர்ச்சொல்லுக்கு சி, சாதாரண ஸ் ஒலி. ஆலோசனை சொல், தகவல் தெரிவி என்ற வினைக்கு எஸ், ஆனால் ஒலி வண்டு ஒலி. மெயில் முடிவில் 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று எழுதுகிறீர்களே, அது வினை; எஸ் போட வேண்டும். வங்கியிலிருந்து வரும் 'பேமெண்ட் அட்வைஸ்' பெயர்ச்சொல், சி. பனிக்கட்டியைக் குறிக்கும் ஐஸ் பெயர்ச்சொல்தான், அதில் சி இருக்கிறது. பெயர்ச்சொல்லான அட்வைஸின் வாலில் அந்த ஐஸ் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. விலையான ப்ரைஸுக்கும் பரிசான ப்ரைஸுக்கும் இதே ஒலி வேறுபாடுதான், பரிசுக்கு இஸட்.

லைசென்ஸ், ப்ராக்டிஸ் இரண்டிலும் பிரிட்டிஷ் எழுத்துமுறை அட்வைஸின் வழியையே பின்பற்றுகிறது: பெயருக்கு சி, வினைக்கு எஸ். ஆனால் ஒலி மாறுவதில்லை. அமெரிக்கர்கள் லைசென்ஸை இரண்டுக்கும் எஸ் போட்டும், ப்ராக்டிஸை இரண்டுக்கும் சி போட்டும் எழுதுகிறார்கள். ஆகவே பையர் எந்த நாடு என்று பார்த்து எழுதுங்கள். காசோலைக்கும் அப்படித்தான். லண்டனுக்குப் போகும் மெயிலில் க்யூ வரும் செக். நியூயார்க்குக்குப் போகும் மெயிலில் காசோலை, கட்டம் போட்ட துணி, சரிபார்த்தல் மூன்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்.

இனி, ஆங்கிலேயர் வாயிலும் ஒரே ஒலியாக இருப்பவை.

வேஸ்ட்டில் நீங்கள் தவறியதற்குத் தெளிவான காரணம் உண்டு. கழிவு என்ற பொருளில் வேஸ்ட் தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்டது. பனியன் வேஸ்ட் என்று விற்கிறோம், வாங்குகிறோம். எனவே கை முதலில் அந்த எழுத்துக்கூட்டலுக்கே ஓடுகிறது. இடுப்பு என்ற சொல்லின் நடுவே ஐ இருக்கிறது. அளவுப் பட்டியலில் இடுப்பைத் தொட்டடுத்து வருவது ஹிப்; அதிலும் நடுவே ஐ. இரண்டு வரியிலும் ஐ இருக்கிறதா என்று கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் போதும். கழிவுக்கு ஐ கிடையாது, கடைசியில் இ.

சாயம் போடுவதும் சாவதும் ஒரே 'டையிங்' ஆக ஒலிப்பது உங்கள் ஊருக்கே உரிய தலைவலி. ஆங்கிலத்தில் இ-யில் முடியும் வினையோடு ஐஎன்ஜி சேரும்போது பெரும்பாலும் அந்த இ விழுந்துவிடும். மேக் என்பது மேக்கிங் ஆகும்போது அப்படித்தான். சாயத்துக்கோ அந்த இ-யை விடாமல் வைத்திருக்கிறார்கள், சாவோடு கலக்கக்கூடாது என்பதற்காகவே. ஆகவே சாயம் என்றால் ஒய்க்குப் பின் இ, அதன் பின்னே ஐஎன்ஜி. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா எங்கும் இதுதான். இறந்தகாலத்தில் சாயத்துக்கு ஒய், சாவுக்கு ஐ. 'யார்ன் டைடு', 'பீஸ் டைடு', 'கார்மெண்ட் டைடு' எல்லாவற்றிலும் ஒய். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளைத் தீயில் பொசுக்கும் சிஞ்சிங் என்ற வேலையிலும் இதே பாதுகாப்பு இ உண்டு. அதை விட்டுவிட்டால் துணி பாட்டுப் பாடத் தொடங்கிவிடும்.

கோர்ஸ் என்ற சொல் நிட்டிங்கில் இரண்டு வேடத்தில் வருகிறது. இரண்டுமே ஒரே ஸ்பெக்கில் வரலாம் என்பதால் சற்று நின்று பாருங்கள். பின்னலில் குறுக்காக ஓடும் கண்ணி வரிசை ஒரு கோர்ஸ். நெடுக்காகப் போவது வேல். ஒரு இன்ச்சுக்கு எத்தனை கோர்ஸ், எத்தனை வேல் என்று எழுதுவீர்கள். இதற்கு ஓ, யூ. முரட்டு நூலைக் குறிக்கும் கோர்ஸுக்கு ஓ, ஏ. பருத்தி நூலில் கவுண்ட் எண் குறையக் குறைய நூல் முரடாகும்; ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதுதான் ஆங்கில கவுண்ட், ஆகவே 20-ஆம் நம்பர் நூல் 40-ஆம் நம்பரைவிடத் தடிமன். முரட்டு கோர்ஸ் எப்போதும் பெயரடை. அதை எடுத்துவிட்டு மென்மையான என்ற ஃபைன் சொல்லைப் போட்டால் வாக்கியம் நிற்கும். எதிர்ச்சொல் போட முடிகிறது என்றால் ஏ உள்ளதை எழுதுங்கள். கண்ணி வரிசைக்கு எதிர்ச்சொல் இல்லை.

தையல் இணைப்பான சீம் என்பதற்கு இ, ஏ. தோன்றுகிறது என்னும் சீமுக்கு இரண்டு இ. தனியாக நினைவில் வைக்கச் சிரமமென்றால் அதன் உறவுக்காரர்களோடு சேர்த்துவிடுங்கள்: த்ரெட், ப்ளீட், பீட், ப்ளீச், வீவ், வேர் என்று துணிச் சொற்கள் பலவற்றில் இந்த இ, ஏ ஜோடி அமைந்திருக்கிறது. இது விதி அல்ல, நினைவுக்கு ஒரு கொக்கி மட்டுமே. மெல்லிய, ஊடு தெரியும் துணியான ஷியருக்கு இது பொருந்தாது, அங்கே இரண்டு இ. ஆனால் கத்தரிப்பது என்ற ஷியருக்கு இ, ஏ-தான்.

துணி ரோலுக்கு இரண்டு எல். பொறுப்பு, பங்கு என்ற ரோலுக்கு ஒரு எல், பின்னால் இ. பீஸ் ரேட்டில் வரும் பீஸுக்கு ஐ முன்னால், இ பின்னால். சமாதானத்துக்கு இ, ஏ. இவை நீங்கள் தினமும் எழுதுபவை, சீக்கிரம் படிந்துவிடும்.

இன்ஸ்பெக்ஷன் மெயிலில் 'பாஸ்ட்' வரும்போது ஒரு சோதனை செய்யுங்கள். வாக்கியத்தை நாளைக்கு நடப்பதாக மாற்றிப் பாருங்கள். 'நாளை சரக்கு பாஸ் ஆகும்' என்று சொல்ல முடிந்தால் அது வினை. பாஸ் என்ற சொல்லோடு இ, டி என்ற இரண்டு எழுத்து சேரும் எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். மாற்ற முடியாவிட்டால், 'கடந்த மூன்று சீசன்' போன்ற இடங்களில், எஸ்டி-யில் முடியும் சொல்.

லீட் என்ற எழுத்துக்கூட்டல் வேறொரு பொறி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. 'லீட் டைம்' என்னும்போது லீட். ஈயம் என்னும் உலோகமானால் அதே எழுத்தை லெட் என்று படிக்க வேண்டும். 'நடத்திச் சென்றது' என்ற இறந்தகாலமும் லெட்தான், ஆனால் அதில் ஏ கிடையாது. குழந்தை உடையின் ஜிப்பும் பட்டனும் ஈயச் சோதனைக்குப் போகும். அமெரிக்காவின் 2008 ஆம் ஆண்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டப்படி குழந்தைப் பொருளில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேலும், மேற்பூச்சில் 90 பங்குக்கு மேலும் ஈயம் இருக்கக்கூடாது. அந்த ரிப்போர்ட்டைப் பற்றி எழுதும்போது ஏ-யை விட்டால் ஈயம் காணாமல் போய்விடும். ஃபோனில் லீட் என்று படித்தால் எதிர்முனைக்குப் புரியாது.

அஃபெக்ட், எஃபெக்ட் குழப்பம் உலகம் முழுக்க உண்டு. ஏ-யில் தொடங்குவது பாதிப்பது என்ற வினை. இ-யில் தொடங்குவது பெரும்பாலும் விளைவு என்ற பெயர். முன்னால் 'தி' போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வணிகக் கடிதத்தில் மட்டும் இ-யில் தொடங்குவது வினையாகவும் வரும்: பணம் செலுத்தப்படும் என்பதை 'பேமெண்ட் வில் பீ எஃபெக்டட்' என்பார்கள். அதைத் தவறு என்று நினைத்து ஏ-யாகத் திருத்திவிடாதீர்கள். திருத்தினால் பணம் வரும் என்ற செய்தி, பணம் வருவதில் சிக்கல் என்று ஆகிவிடும்.

ஏர் ஃப்ரெய்ட் செலவை யார் ஏற்பது என்ற மெயிலில் வரும் 'போர்ன்' சொல்லுக்குக் கடைசியில் இ வேண்டும். இ இல்லாதது பிறப்பதற்கு மட்டும். இட்ஸ் என்பதை 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். விரிந்தால் மேற்கோமா, விரியாவிட்டால் வேண்டாம். ஸ்டேஷனரிக் கடைக்கு இ, அசையாமல் நிற்பதற்கு ஏ. கவரான என்வலப்பின் முதல் எழுத்து இ என்பதே போதுமான அடையாளம். இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் தெருத்தெருவாகத் திரிந்து விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டிருந்த புத்தக வியாபாரிக்கு வந்த பெயர்தான் ஸ்டேஷனர்.

இப்போது பயிற்சி. வாரத்துக்கு ஒரு ஜோடி, அதிலும் ஒரு சொல் மட்டும். உங்கள் வேலையில் எது அதிகம் வருமோ, தவறினால் எது அதிக இழப்பைத் தருமோ அதை எடுங்கள். உங்களுக்கு முதல் வாரம் இடுப்பு, இரண்டாம் வாரம் சாயம். சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். நீங்கள் உண்மையில் மெயிலில் எழுதும் தொடராக எழுதுங்கள். 'வேஸ்ட்பேண்ட்', 'வேஸ்ட் ரிலாக்ஸ்ட்', 'வேஸ்ட் எக்ஸ்டெண்டட்' என்று மூன்று தொடர் போதும். காலையில் ஐந்து முறை கையால் எழுதுங்கள், மாலையில் பார்க்காமல் ஒருமுறை. கழிவு என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்கக்கூடாது. இரண்டு வாரம் தவறில்லாமல் போனபிறகு இன்னொரு பக்கத்தில் மற்றச் சொல்லை அதன் தொடரோடு எழுதுங்கள். அதன்பிறகே இரண்டையும் கலந்து பத்து வாக்கியம் யாரையாவது சொல்லச்சொல்லி எழுதிப் பாருங்கள். எண்பதும் வேண்டாம், உங்கள் மெயிலில் உண்மையில் வருபவை பதினைந்து, இருபதைத் தாண்டாது. அனுப்பிய மெயில்களின் கடைசி ஒரு மாதத்தைப் புரட்டினால் அந்தப் பட்டியல் கிடைத்துவிடும்.

அனுப்பும் முன் வாய்விட்டுப் படிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இடுப்பு, சாயம் போன்றவற்றுக்கு அது உதவாது. தவறாக எழுதியதும் சரியாகவே ஒலிக்கும். லூஸ், அட்வைஸ், ரிப் ஆகியவற்றுக்கு உதவும், தொண்டை அதிர்வைக் கவனித்துப் படித்தால்.

சிவப்புக் கோடு, அகராதியில் இல்லாத சொல்லுக்கு மட்டுமே விழும். நீங்கள் எழுதிய தவறான சொல்லும் அகராதியில் இருக்கிறதே! இலக்கணம் பார்க்கும் வசதி முழு வாக்கியத்தை வைத்துச் சிலவற்றைப் பிடிக்கும். அளவுப் பட்டியலின் கட்டத்துக்குள் வாக்கியம் ஏது? எக்ஸெலில் தட்டும்போது சாதாரணப் பிழைக்குக்கூடக் கோடு விழாது. எஃப்7 அழுத்தினால்தான் சோதிக்கும். ஆகவே பட்டியலை அனுப்பும் முன் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி, கழிவுச் சொல்லின் எழுத்துக்கூட்டலைத் தேடுங்கள். அது அங்கே இருக்கவே கூடாத சொல். சரியான சொல்லைத் தேடுவதைவிட இருக்கக்கூடாததைத் தேடுவது வேகமான வழி.

சாயத்துக்கு இன்னும் எளிய ஏற்பாடு உண்டு. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், 'ரீப்ளேஸ்' கட்டத்தில் சாவுக்கான எழுத்துக்கூட்டலையும் 'வித்' கட்டத்தில் சாயத்துக்கானதையும் கொடுத்துவிடுங்கள். எக்ஸெலிலும் அதே பாதைதான். அலுவலகக் கம்ப்யூட்டரில் சாவைப் பற்றி எழுத வேண்டிய தேவை மிகக் குறைவு. இரங்கல் மெயில் எழுத நேர்ந்தால் மட்டும் இது நினைவில் இருக்கட்டும். இரண்டு சொல்லுமே தேவைப்படும் ஜோடிகளுக்கு, வேஸ்ட், கோர்ஸ், பாஸ்ட் போன்றவற்றுக்கு, இந்த ஏற்பாட்டைச் செய்யாதீர்கள். சரியானதையும் கெடுத்துவிடும்.

அக்செப்ட், எக்செப்ட் பற்றிக் கேட்டீர்கள். வேகமாகப் பேசும்போது ஆங்கிலேயர் வாயிலும் முதல் அசை மங்கி இரண்டும் நெருங்கிவிடும். 'தவிர' என்ற சொல்லில் எக்ஸ் இருக்கிறது. வேண்டாததை அடிக்கப் போடும் பெருக்கல் குறி அது. 'ஏற்கிறோம்' என்பதில் இரண்டு சி. வாங்கிக்கொள்ள நீட்டிய இரண்டு உள்ளங்கைகள் என்று பாருங்கள். அது பழகும்வரை ஆர்டர் ஏற்கும் மெயிலில் அந்தச் சொல்லையே தவிர்த்து 'கன்ஃபர்ம்' என்று எழுதிவிடுங்கள். வணிகத்தில் அதுவே இயல்பான சொல்லும்கூட.

தவறு போய்விட்டால் கண்ட உடனே திருத்துங்கள். பையர் கவனிக்கவில்லை என்று விட்டுவிடக்கூடாது. அளவிலும் விலையிலும் ஆர்டரிலும் பிழை இருந்தால் அதே பட்டியல் கட்டிங் வரைக்கும் போகும். அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். முதல் வரியிலேயே 'கரெக்ஷன்' என்று போட்டு, ஸ்டைல் எண்ணையும் வரி எண்ணையும் கொடுத்து, தவறான வாக்கியத்துக்குப் பதில் முழு வாக்கியத்தையும் புதிதாக எழுதுங்கள். ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் படிக்கச் சொன்னால், ஒலியில் ஒத்த இரண்டு சொல் ஒரே வரியில் நின்று அவரையும் குழப்பும். பட்டியல் என்றால் திருத்திய கோப்பின் பெயரில், முதல் திருத்தம் என்பதைக் காட்ட, ஆர்1 என்று சேர்த்து மறுபடி இணையுங்கள். பழைய கோப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். மன்னிப்பு ஒரு வாக்கியம் போதும். கட்டிங் பிரிவுக்குப் பழைய தாள் போயிருந்தால் அதை நேரில் போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.